தாத்தாவின் சைக்கிளும் நாற்பது போக்ஸ் கம்பிகளும்

திருமண ஆல்பம் வடிவமைப்பது பதினோரு ஆண்டுகளாக என் தொழில். கோவில்பட்டியில் ஒரு ஸ்டுடியோவின் பின்னறையில் அமர்ந்து, மணமக்களைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுத்து, அவர்கள் ஒருபோதும் போகாத பனிமலைகளுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆகவே ஒரு படத்திலிருந்து ஆளை வெட்டி எடுப்பதில் எனக்குக் கை பழகியிருந்தது. வெட்டிய ஆளை அசைக்கத்தான் தெரியாமல் இருந்தது.

2021 மே மாதம் முழு ஊரடங்கு வந்து முகூர்த்தங்களெல்லாம் வீட்டுக்குள் ஒடுங்கியபோது, ஸ்டுடியோவின் கணினியை முதலாளியின் அனுமதியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, படங்களை அசைய வைக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருளைக் கற்கத் தொடங்கினேன். முதல் மூன்று வாரங்கள் வீணாயின. தங்க எழுத்துகள் தூளாகச் சிதறும் தலைப்பு, புகைக்குள்ளிருந்து வெளிவரும் பெயர் என்று பயிற்சிக் காணொளிகளில் காட்டியதையெல்லாம் வரிக்கு வரி செய்து முடித்தேன். மறுநாள் வெற்றுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரு சதுரத்தைக்கூட ஒழுங்காக நகர்த்தத் தெரியவில்லை. அந்தக் காணொளிகளில் ஒவ்வொரு எண்ணையும் வேறொருவர் தேர்ந்திருந்தார். ஏன் 20, ஏன் 35 அல்ல என்ற கேள்வியே எனக்குள் எழாதபடி பயிற்சி ஓடி முடிந்துவிடும்.

அப்போது ஆச்சியின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு புகைப்படம் கிடைத்தது. தாத்தா சைக்கிளில் அமர்ந்திருக்கிறார். ஒரு கால் பெடலில், மறுகால் தரையில். கேரியரில் துணி மூட்டை. கழுத்தில் துண்டு, மடித்துக் கட்டிய வேட்டி. கழுகுமலை, எட்டயபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு அவர் தவணை முறையில் சேலை விற்கப் போன காலத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. பின்பக்கம் பென்சிலால் 1974 என்று எழுதியிருந்தது. இந்த ஒரு படத்தை மட்டும் வைத்து அவரை ஓட வைப்பது என்று முடிவு செய்தேன். ஆச்சியின் எண்பதாவது பிறந்தநாளுக்கு அப்போது ஏழு வாரங்கள் இருந்தன.

முதலில் கைப்பேசியில் படம்பிடித்துப் பார்த்தேன். பழைய படத்தாளின் இருண்ட பகுதிகளில் படியும் வெள்ளிப் பூச்சு போன்ற மினுக்கம் அப்படியே விழுந்தது. பிறகு ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள், வைத்து எடுத்தேன். நான்குக்கு ஆறு அங்குலப் படம் 3600க்கு 2400 பிக்சல்களாக வந்தது. நான் செய்யவிருந்த காணொளி 1920க்கு 1080. அதாவது படம் மங்காமல் ஏறக்குறைய 1.9 மடங்கு வரை நெருங்கிப் போகலாம். தாத்தாவின் முகத்தை நெருக்கமாகக் காட்ட அந்த இடைவெளி பின்னால் உதவியது. 300 டிபிஐயில் ஸ்கேன் செய்திருந்தால் முழுப் படத்தைக் காட்டுவதற்கே பிக்சல் பற்றாமல் போயிருக்கும்.

வெட்டுவதில்தான் என் பதினோரு ஆண்டுப் பழக்கம் எதிரியாக வந்து நின்றது. ஆல்பம் வேலையில் முடி இழை இழையாகப் பிரிந்து வரவேண்டும். தலைமுடி சரியில்லை என்றால் மணப்பெண் வீட்டார் ஆல்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நினைப்பில் தாத்தாவின் நரைத்த தலைக்கே இரண்டு நாள் செலவழித்தேன். அசையும் படத்தில் முடியை யாரும் பார்ப்பதில்லை. மூட்டுகளைத்தான் பார்க்கிறார்கள். தோள் விலகினால், முழங்கை பிளந்தால், கழுத்தும் தலையும் ஒட்டாமல் நின்றால் கண் அங்கேதான் போய் நிற்கும்.

சிறு வயதில் கோயில் கொடையின்போது பார்த்த தோல்பாவைக் கூத்து அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆட்டுத்தோலில் வெட்டிய கைத்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஏறிய இடத்தில் ஒரு முடிச்சால் இணைந்திருக்கும். அந்த ஏற்றம் இல்லாவிட்டால் கை மடங்கும்போது நடுவில் வெளிச்சம் தெரிந்துவிடும். நானோ சட்டைக்கை முடியும் கோட்டிலேயே முன்கையை நேராக நறுக்கி வைத்திருந்தேன். ஐந்து டிகிரி திருப்பியதும் முழங்கையில் ஓட்டை விழுந்தது. எல்லாவற்றையும் மறுபடி வெட்டினேன். ஒவ்வொரு துண்டும் மூட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். அதன் முனை, மூட்டை மையமாகக் கொண்ட வட்டமாக இருக்க வேண்டும். வட்டம் தன் மையத்தில் சுழன்றால் விளிம்பு இடம் மாறாது என்பதால் இடைவெளி திறப்பதில்லை. மூட்டுக்கு மேலே எதைப் போட்டு மறைக்கலாம் என்பதையும் வெட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்தை மறைக்கத் துண்டு இருந்தது, முழங்காலை மறைக்க வேட்டி இருந்தது. தாத்தா எனக்கு வசதியாகத்தான் உடுத்தியிருந்தார்.

அழிப்பானைத் தொடவே கூடாது, வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கும் மாஸ்க்தான் என்பதை இந்த மறுவெட்டில் உறுதியாகக் கற்றேன். மாஸ்க் இருந்ததால் முன்கையை மறுபடி நீட்ட ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. அழித்த துண்டுகளை முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. துண்டின் ஓரத்தில் பழைய பின்னணியின் வெளிர்நிறம் ஒரு கோடாக ஒட்டிக்கொண்டு வரும். மாஸ்கை இரண்டு பிக்சல் உள்ளே சுருக்கி ஒரு பிக்சல் மென்மையாக்கினால் அது போய்விடும். பிறகு, எடுத்த இடத்தை நிரப்புவது. கையை எடுத்தால் கைக்குப் பின்னாலிருந்த சட்டை வேண்டும், தாத்தாவையே எடுத்தால் பின்னாலிருந்த சாலையும் பனைமரமும் வேண்டும். ஃபோட்டோஷாப்பில், படத்தின் ஓரிடத்தை இன்னோரிடத்தில் நகலெடுக்கும் குளோன் முத்திரையைக் கொண்டு இவற்றை ஒட்டுப்போட்டேன். ஒன்பது துண்டுகள் என்று நினைத்துத் தொடங்கியது பதினேழில் போய் முடிந்தது. ஒவ்வொன்றும் ஒரு லேயர், அதாவது தனி அடுக்கு; ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே பெயர் வைத்தேன். பதினேழு லேயர்களும் 'காப்பி 4', 'காப்பி 5' என்று நின்றால் அடுத்த வாரம் யாருக்கும் எதுவும் புரியாது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் கொண்டுவரும்போது முதல் முறை எல்லா லேயர்களும் ஒட்டிய ஒரே படமாக வந்து நின்றது. கோப்பை இறக்கும் பெட்டியில் 'ஃபுட்டேஜ்' என்று இருப்பதை 'காம்போசிஷன், ரீட்டெய்ன் லேயர் சைஸஸ்' என்று மாற்ற வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு துண்டும் தன் அளவோடு தனித்து வரும். வந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, ஒவ்வொரு துண்டும் எதை மையமாக வைத்துச் சுழலுமோ அந்த ஆங்கர் பாயின்டை அதன் மூட்டுக்குக் கொண்டுபோவது. தோல்பாவையின் முடிச்சு இதுதான். தானாக அது துண்டின் நடுவில் நிற்கும், அதனால் கையைத் திருப்பினால் கை காற்றில் விசிறிபோலச் சுழலும். ஒய் விசையை அழுத்தினால் வரும் கருவியால் நகர்த்தினால் படம் இருந்த இடத்திலேயே நிற்க, புள்ளி மட்டும் நகரும். டைம்லைனில் எண்ணை மாற்றினால் படமே தாவிவிடும். இந்த நொடியில் இந்த நிலை என்று குறித்து வைக்கும் கீஃப்ரேம் ஒன்றுகூட வைப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். நான் நான்கு நாள் அசைவு வைத்தபிறகு தோள் புள்ளி சரியில்லை என்று நகர்த்தப்போய், கை ஒரு ஃபிரேமில், அதாவது காணொளியின் ஒரு தனிப்படத்தில், தோளிலும் அடுத்த ஃபிரேமில் காதருகிலும் துள்ளியது. நான்கு நாள் வேலையைக் கழற்றிப் போட்டுத் திரும்பச் செய்தேன்.

அடுத்தது பேரன்ட், அதாவது ஒரு துண்டு நகர்ந்தால் இன்னொன்றும் கூடவே நகரும்படி இணைப்பது. முன்கைக்கு மேற்கை தாய், மேற்கைக்கு உடல் தாய், தலைக்கும் உடலே தாய், உடலுக்குச் சைக்கிள் தாய். சைக்கிளை நகர்த்தினால் குடும்பமே கூடப் போகும். இதில் எனக்குச் சிரமம் இல்லை.

சிரமமெல்லாம் சக்கரத்தில்தான் இருந்தது. சைக்கிள் சற்றே சாய்கோணத்தில் நிற்கும்போது எடுத்த படம் என்பதால் சக்கரம் வட்டமாக விழாமல் நீள்வட்டமாக விழுந்திருந்தது: உயரம் 300 பிக்சல், அகலம் 240. அதை அப்படியே வெட்டிச் சுழற்றினேன். பஞ்சராகி ரிம் நெளிந்த சக்கரம்போல மேலும் கீழும் குதித்தது. நீள்வட்டத்தைச் சுழற்றினால் நீள்வட்டமே சுழலும். கண்ணுக்கு வேண்டியதோ, நீள்வட்டம் அசையாமல் நிற்க, உள்ளே கம்பிகள் மட்டும் சுற்றுவது. இரண்டு நாள் இதில் மாட்டிக்கொண்டு கிடந்தேன். வழி மிக எளியதுதான். நீள்வட்டத்தை அகலவாக்கில் 125 சதவீதம் இழுத்து முழு வட்டமாக்கி, அதை ஒரு தனிக் காம்போசிஷனுக்குள் (லேயர்களை அடுக்கி அசைக்கும் மேடை) வைத்துச் சுழற்ற வேண்டும்; பிறகு அந்தக் காம்போசிஷனையே ஒரு லேயராக வெளியே கொண்டுவந்து அகலத்தை 80 சதவீதமாகக் குறுக்க வேண்டும். ஒரே லேயரில் இரண்டையும் செய்தால் மென்பொருள் முதலில் குறுக்கிவிட்டுப் பிறகு சுழற்றுகிறது. நமக்கு முதலில் சுழன்று பிறகு குறுக வேண்டும். பயிற்சிக் காணொளிகளில் நூறு முறை பார்த்த 'ப்ரீகம்ப்' என்ற சொல் எதற்காக இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

பின்சக்கரத்தின் பாதியைச் செயின் கவரும் தாத்தாவின் காலும் மறைத்திருந்தன. தெளிவாகத் தெரிந்த கால் பாகத்தை மட்டும் எடுத்து, நான்கு முறை திருப்பி ஒட்டி முழுச் சக்கரமாக்கினேன். பின்சக்கரத்தில் 40 போக்ஸ் கம்பிகள், ஆகவே கால் பாகத்துக்குப் பத்து; கணக்கு இடறாமல் வந்தது.

பிறகு, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்ற கேள்வி. குத்துமதிப்பாக வைத்தால் சைக்கிள் ஐஸ் கட்டியில் சறுக்குவதுபோல் இருந்தது. 300 பிக்சல் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 942 பிக்சல். சக்கரம் ஒருமுறை சுற்றினால் தரை அவ்வளவு நகர்ந்திருக்க வேண்டும். அப்படி வைத்தும் லேசாகச் சறுக்கியது. சாய்கோணத்தில் சக்கரம் குறுகியதுபோலத் தரையில் போன தூரமும் அதே விகிதத்தில் குறுகும் என்பது பிறகுதான் உறைத்தது: 942இல் 80 சதவீதம், ஏறக்குறைய 754. சைக்கிளை நடுவில் நிறுத்திச் சாலையைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டிருந்ததால், சாலை நகர்ந்த தூரத்தை 754ஆல் வகுத்து 360ஆல் பெருக்கும் ஒரு வரிச் சூத்திரத்தைச் சக்கரத்தின் சுழற்சியில் எழுதிவிட்டேன். அதன்பிறகு சக்கரத்துக்கு ஒரு கீஃப்ரேம்கூட வைக்கவில்லை. சாலை வேகம் கூடினால் சக்கரமும் தானாகக் கூடும். பெடலுக்கும் இதே வழிதான். வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளில் எண்ணிப் பார்த்தேன்: முன் பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 18. பெடல் ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. அந்த விகிதத்தில் வகுத்ததும் தாத்தா உண்மையிலேயே மிதிக்கத் தொடங்கினார்.

எல்லாம் சரியென்று ஓடவிட்டேன். சாலை ஓடியது, பெடல் சுற்றியது, பின்சக்கரம் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது. சூத்திரம் அறுந்துவிட்டதோ என்று தேடினேன். எண்கள் ஒழுங்காகவே ஏறிக்கொண்டிருந்தன. பொறுமையாக ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தபோது புரிந்தது. நான் வைத்திருந்த வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 225 டிகிரி சுற்றியது. விநாடிக்கு 25 ஃபிரேம், ஆகவே ஒரு ஃபிரேமுக்கு 9 டிகிரி. 40 கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியும் சரியாக 9 டிகிரி. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு கம்பி போன இடத்தில் அடுத்த கம்பி வந்து நிற்க, கண்ணுக்கு எதுவுமே நகரவில்லை. திரைப்படங்களில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

இந்த நிலையில் ஆச்சியிடம் காட்டினேன். அவர் சக்கரத்தைப் பார்க்கவே இல்லை. "ஏட்டி, இம்புட்டு மெதுவாப் போனா மூட்டையோட சாஞ்சிர மாட்டாகளா?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 28 அங்குலச் சக்கரத்துக்கு அந்த வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்தான், ஆள் நடக்கிற வேகம். இரண்டு மடங்காக்கினேன். அதாவது ஃபிரேமுக்கு 18 டிகிரி, இரண்டு கம்பி இடைவெளி. சக்கரம் மறுபடியும் நின்றது. ஆனால் இந்த முறை மோஷன் பிளர் பொத்தானைப் போட்டேன். ஷட்டர் கோணம் 180 என்று இருப்பதால் ஃபிரேமில் பாதி நேரத்துக்கு அசைவு கலங்கலாகப் பதிகிறது, 18இல் பாதி 9. கம்பிகள் தங்களுக்குள் சரியாகக் கலந்து, ஓடும் சைக்கிளில் நாம் பார்க்கும் சாம்பல்நிற வட்டமாகிவிட்டன. இவ்வளவு பொருத்தமாக அமைந்தது தற்செயல்தான். தற்செயல் என்று தெரிந்துகொள்ளவாவது கணக்குத் தேவைப்பட்டது.

ஆச்சியை அன்றிலிருந்து வாரம் இருமுறை கணினிக்கு முன் உட்கார வைத்தேன். அசைவு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்தான். மென்பொருள் பெயர்கூட அவருக்குத் தெரியாது. வழியில் யாரோ கும்பிட, தாத்தா தலையசைத்துவிட்டுப் போவதாக ஒரு காட்சி வைத்திருந்தேன்: 8 ஃபிரேமில் 15 டிகிரி. "உங்க தாத்தா இப்பிடியா வெடுக்குன்னு ஆட்டுவாக? கழுத்துத் துண்டு ரோட்டுல கெடக்கும். அவுக லேசாத்தான் அசைப்பாக, அதுவும் பாதிதான்." பதினைந்தை நான்காக்கி, எட்டு ஃபிரேமை இருபதாக்கினேன். தொடக்கமும் முடிவும் மெல்லத் தணியும்படி எஃப்9 விசையால் ஈஸி ஈஸ் போட்டேன். அவர் துண்டைச் சொன்னதால், துண்டின் நுனியைத் தலைக்கு மூன்று ஃபிரேம் தாமதமாக அசைய வைத்தேன். அந்த மூன்று ஃபிரேமில்தான் அது காகிதமாக இல்லாமல் துணியாக மாறியது.

புறப்படும் காட்சியிலும் அப்படித்தான். நான் வைத்தது நேர்க்கோட்டு வேகம். கயிறு கட்டி யாரோ இழுத்ததுபோல் சைக்கிள் பொசுக்கென்று கிளம்பியது. முப்பது, நாற்பது சேலை இருக்கும் மூட்டை என்று ஆச்சி சொன்னார். முதல் இரண்டு மிதிக்கு உடம்பை முன்னால் கொடுத்துத்தான் எழுப்புவாராம். அசைவின் வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, முழு வேகத்துக்கு வர இரண்டு விநாடி ஆகும்படி கோட்டை வளைத்தேன். சாலை நகர்வதற்கு 6 ஃபிரேம் முன்பே உடலை மூன்று டிகிரி முன்னால் சாய்த்தேன். மூட்டைக்கு அப்போது கனம் வந்துவிட்டது. கிராஃப் எடிட்டரை அதுவரை நான் பயந்து மூடியே வைத்திருந்தேன்.

ஒரு தவறை மட்டும் ஆச்சி மன்னிக்கவில்லை. தாத்தா பேசுவதுபோல் இருக்கட்டுமே என்று கீழ்த்தாடையைத் தனியாக வெட்டி மேலும் கீழும் அசைத்தேன். என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஆச்சி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார், அன்று மாலைவரை என்னிடம் பேசவில்லை. தாடைத் துண்டை அன்றே நீக்கினேன். இறந்தவர்களின் படத்தை அசைப்பவர்கள் வாயைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. இப்போது வாடிக்கையாளர் கேட்டாலும் மறுத்துவிடுகிறேன்.

வேட்டிக்குப் பப்பெட் பின் கருவியைப் பயன்படுத்தினேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் ஒரு சிறு நிறுவனத்தில் பிறந்தது. அடுத்த ஆண்டே அடோபி நிறுவனத்தின் கைக்கு வந்தது. பப்பெட் பின் அதில் சேர்ந்தது 2007இல்தான். துணியை ரப்பர்போல வளைக்கும் கருவி அது. இடுப்பில் இரண்டு, முழங்காலில் ஒன்று, ஓரத்தில் ஒன்று என நான்கு பின்களே போதும். ஆசைப்பட்டுப் பதினொன்று குத்தியபோது வேட்டி ஜெல்லிபோலத் தளும்பியது. கைக்கும் காலுக்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது, எலும்பு வளைந்துவிடும். வெட்டிய படத்துண்டுகள் விட்டுவிட்டு அசையும் பழைய பாணி தெரியட்டும் என்று இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் அசையவும் வைத்துப் பார்த்தேன். பாதம் பெடலிலிருந்து வழுக்கியதால் கைவிட்டேன். கட்டணம் கட்ட முடியாதவர்கள் இதே வேலையை டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பில் உள்ள ஃப்யூஷனிலோ, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளிலோ செய்யலாம். பொத்தான்கள் வேறு, மூட்டும் தாயும் கீஃப்ரேமும் அவையேதான்.

பிறந்தநாளுக்கு முதல் நாள் இரவு, படங்கள் இருந்த கோப்புறையின் பெயரை அழகாக மாற்றப்போய், வேலைக் கோப்பைத் திறந்ததும் மென்பொருளுக்குப் படங்கள் அகப்படாமல், தாத்தா இருந்த இடத்தில் வண்ணப் பட்டைகள் நின்றன. நெஞ்சு அடைத்தது. ஒரு கோப்பின் புது இடத்தைக் காட்டியதும் மற்ற எல்லாம் தாமாக வந்து சேர்ந்துகொண்டன. ஆனாலும் படங்களை முதல் நாளே ஒரு கோப்புறையில் போட்டு, கடைசிவரை அதைத் தொடாமல் இருப்பதே மேல். 42 விநாடிக் காணொளியைக் கணினி கணக்கிட்டு முழுக் கோப்பாக்கி (ரெண்டர்) வெளியே தர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

ஆச்சி அதைக் கைப்பேசியில் மூன்று முறை பார்த்தார். நான்காவது முறை, சாலையோரத்தில் நான் பழைய படமொன்றிலிருந்து ஒட்டியிருந்த ஓடைப் பாலம் வந்த இடத்தில் விரலை வைத்தார். "பாலம் வந்தா எறங்கிருவாக. மூட்டையோட ஏத்தத்துல மிதிக்க மாட்டாக. உருட்டிக்கிட்டுத்தான் போவாக" என்றார். இரண்டு மாதமாக அந்த உருட்டலைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நடக்க வேண்டுமானால் முழங்கால் வேண்டும். இருக்கிற ஒரே படத்தில் அது வேட்டிக்குள் மறைந்திருக்கிறது. நேற்று என் தம்பிக்கு வேட்டியை மடித்துக் கட்டிவிட்டு, கொல்லையிலிருந்த துருப்பிடித்த சைக்கிளை உருட்டச் சொல்லிப் படம் எடுத்தேன். ஆச்சி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே, அவன் இடது கையை வைத்திருக்கும் இடம் தப்பு என்றார்.